தோட்டா ஏன் சிக்குகிறது?
தபால் கார்டு கனத்தில் ஒரு காவலரின் உயிர்

நள்ளிரவு. மெயில் ரயில் ஒன்று காட் மலையில் இறங்கிக்கொண்டிருக்கிறது. பெட்டி வாசலில் நிற்கும் காவலரின் தோளில் ஒரு நீளத் துப்பாக்கி. குழந்தை குட்டிகளோடு வந்தவர்களும், போனஸ் பணத்தை இடுப்பில் முடிந்துகொண்டு ஊருக்குப் போகும் தொழிலாளிகளும் அந்தத் துப்பாக்கியை நம்பித் தூங்குகிறார்கள்.

திடீரென்று ஓர் ஆபத்து. காவலர் போல்ட்டைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளுகிறார். அது பாதி வழியில் நின்றுவிடுகிறது. தோட்டா உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

அந்த நிமிடத்தில் அவர் கையில் இருப்பது துப்பாக்கி அல்ல. நாலு கிலோ இரும்பும் மரமும்தான்!

இது யார் குற்றம்? துப்பாக்கியின் குற்றமா, தோட்டாவின் குற்றமா? பெரும்பாலும் இரண்டும் தனித்தனியே நன்றாகத்தான் இருக்கும். ஒன்றுக்கொன்று பொருந்தாததுதான் கோளாறு.

அறையும் தோட்டாவும்

பள்ளியிலோ கல்லூரியிலோ என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு போல்ட் துப்பாக்கி புதிது அல்ல. கைப்பிடியைத் தூக்கி இழுத்தால் சுட்ட கூடு வெளியே விழும். தள்ளி மடக்கினால் அடுத்த தோட்டா உள்ளே போகும். குழாயின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்துக்கு 'சேம்பர்' என்று பெயர். நாம் அதை அறை என்று சொல்லலாம்.

.303 தோட்டாவின் அடியில் துருத்திய விளிம்பு ஒன்று உண்டு. ரயில் சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தை ஒட்டி நிற்பதுபோல, இந்த விளிம்பு அறையின் வாயில் முட்டி நிற்கும். போல்ட்டின் தலை பின்னாலிருந்து அதைத் தாங்கும். போல்ட்டின் முகத்துக்கும் அறையின் வாய்க்கும் நடுவே உள்ள இடைவெளிதான் உயிர்நாடி.

இதை அளப்பதற்கு ஆர்மரரிடம் இரண்டு எஃகு அளவுக் கட்டைகள் இருக்கும். ஒன்று 0.064 அங்குலம். அதை வைத்தால் போல்ட் மூட வேண்டும். மற்றது 0.074 அங்குலம். அதை வைத்தால் மூடக் கூடாது. மூடினால் துப்பாக்கியை உடனே ஒதுக்கி வைக்க வேண்டும்.

இரண்டுக்கும் வித்தியாசம் ஓர் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு. ஏறக்குறைய ஒரு தபால் கார்டின் கனம். காவலரின் கண்ணும் முகமும் தப்புவது அந்தக் கனத்துக்குள்தான்.

ரோஸ் துப்பாக்கியின் கதி

இறுக்கமாகச் செய்துவிட்டால் நல்லதுதானே என்று கேட்கலாம். இதற்கு 1915ஆம் ஆண்டே பதில் சொல்லிவிட்டது.

முதல் உலகப் போருக்குக் கனடா நாட்டுச் சிப்பாய்கள் 'ரோஸ்' என்ற சொந்த நாட்டுத் துப்பாக்கியோடு வந்தார்கள். குறி பார்த்துச் சுடுவதில் அது பெயர் வாங்கிய துப்பாக்கி. அதன் அறை கனடா தோட்டாவின் அளவுக்கு இறுக்கமாகக் கடையப்பட்டிருந்தது.

போர்க்களத்தில் கிடைத்ததோ பிரிட்டனில் செய்த தோட்டா. அதுவும் .303தான். ஆனால் ஒரு மயிரிழை பருமன். 1915 ஏப்ரலில், பெல்ஜியத்தின் ஈப்ர நகரை அடுத்து, ஜெர்மானியர் குளோரின் விஷப் புகையை ஏவியபோது இந்த மயிரிழை பெரிய விஷயமாகிவிட்டது. வேகமாகச் சுடச் சுடக் குழாய் சூடேறியது. கூடுகள் அறையில் ஒட்டிக்கொண்டன. சிப்பாய்கள் போல்ட்டைப் பூட்ஸ் காலால் உதைத்துத் திறக்க வேண்டியதாயிற்று. தப்பி வந்தவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ரோஸைத் தூக்கி எறிந்துவிட்டு, விழுந்து கிடந்த பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

பிறகு அறைகளைக் கடைந்து அகலப்படுத்தினார்கள். அப்படியும் போன நம்பிக்கை திரும்பவில்லை. 1916இல் கனடா படையினர் லீ-என்ஃபீல்டுக்கே மாறினார்கள்.

தளர்ச்சிக்கும் எல்லை உண்டு

லீ-என்ஃபீல்டின் அறையைச் சேற்றுக்கும் தூசிக்கும் இடம் விட்டே கடைந்திருந்தார்கள். கல்கத்தாவுக்கு வடக்கே ஈசாப்பூர் தொழிற்சாலையில் செய்து, நம் போலீஸார் பல தலைமுறையாகச் சுமந்தது இந்தத் துப்பாக்கியைத்தான்.

ஆனால் பல ஆண்டு உழைப்பில் போல்ட் தேய்ந்தாலோ, ஒரு துப்பாக்கியின் போல்ட்டை இன்னொன்றில் மாட்டினாலோ இடைவெளி கூடிவிடும். அப்போது வெடிக்கும் வேகத்தில் பித்தளைக் கூடு பின்னோக்கி நீளும். அடிவிளிம்புக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரியும். இது எச்சரிக்கை. இதைக் கவனிக்காமல் விட்டால் ஒரு நாள் கூடு இரண்டாக அறுந்து, முன்பாதி அறைக்குள்ளேயே தங்கிவிடும். அடுத்த தோட்டா அதில் போய் முட்டி நிற்கும். இந்த அறுந்த துண்டை எடுப்பதற்கென்றே ஆர்மரரிடம் தனிக் கருவி உண்டு.

போல்ட் கைப்பிடியின் அடியில் பொறித்த எண்ணும் துப்பாக்கியின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். பத்துத் துப்பாக்கிகளின் போல்ட்டுகளைக் கழற்றி ஒரே துணியில் பரப்பித் துடைப்பதில் ஆபத்து இருக்கிறது.

லாயத்தில் வெடித்த பித்தளை

தோட்டாவின் பக்கமும் கோளாறு வரும். இதற்கு நம் நாட்டிலேயே பெயர் பெற்ற உதாரணம் உண்டு.

வெள்ளையர் ஆட்சிக் காலத்தில், மழைக்காலத்தில் படை நடமாட்டம் குறையும்போது தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பது வழக்கமாக இருந்தது. மழை விட்டு எடுத்துப் பார்த்தால் பித்தளைக் கூடுகளில் கீறல் கீறலாக வெடிப்பு! காரணம் விளங்காமல் 'பருவ வெடிப்பு' என்று பெயர் வைத்தார்கள்.

1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் மர்மத்தை அவிழ்த்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, கூட்டை இழுத்து நீட்டிச் செய்தபோது பித்தளைக்குள் தங்கிய இறுக்கம் ஆகிய இரண்டும் சேர்ந்ததன் விளைவு அது. கூடுகளைப் பக்குவமாகச் சூடாக்கி இறுக்கத்தைத் தணிப்பது அதற்கு மருந்தாயிற்று.

பூனாவை அடுத்த கிர்க்கியில் 1869இல் தொடங்கிய தொழிற்சாலை .303 தோட்டாவைச் செய்துவந்தது. பல தமிழ்க் குடும்பங்களுக்குச் சோறு போட்ட இடம் அது. தோட்டாவின் அடியில் கே, எஃப் என்ற எழுத்துகளும் ஆண்டும் பொறித்திருக்கும். பழைய ஆண்டாக இருந்து, பச்சைக் களிம்பு ஏறியோ, நசுங்கியோ, கீறல் விட்டோ இருந்தால் அதைத் துடைத்துத் திரும்பப் போடக் கூடாது. கணக்கில் காட்டி ஒப்படைத்துவிட வேண்டும்.

எங்கே சிக்குகிறது?

கோளாறைக் கண்டுபிடிக்க ஆர்மரர் நிஜத் தோட்டாவைப் போட மாட்டார். மருந்தில்லாத பயிற்சித் தோட்டாவைப் போட்டுப் பார்ப்பார். அவர் பார்க்கும் வரிசை இது:

காலித் துப்பாக்கியிலேயே போல்ட் இறுகினால், போல்ட் மாறியிருக்கிறது அல்லது அது ஓடும் பாதையில் அழுக்கு.

ஒரு தோட்டா மட்டும் சிக்கி மற்றவை போனால், அந்தத் தோட்டாதான் குற்றவாளி.

எல்லாத் தோட்டாவும் ஒரே இடத்தில் நின்றால், அறைக்குள் அழுக்கோ அறுந்த கூடோ இருக்கிறது.

உள்ளே போய் வெளியே வர மறுத்தால், கூட்டை இழுக்கும் கொக்கியோ அதன் ஸ்பிரிங்கோ தளர்ந்திருக்கும். அல்லது அறை துருப்பிடித்துச் சொரசொரப்பாகியிருக்கும்.

மேகசினிலேயே சிக்கினால் அடுக்கியதில் தவறு. மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போனால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

ஒரே உருவம், வேறு தோட்டா

1962 போருக்குப் பிறகு ஈசாப்பூரில் இதே உருவத்தில் 7.62 மில்லிமீட்டர் துப்பாக்கியும் தயாரானது. 2ஏ, 2ஏ1 என்று பெயர். தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பிபோல இருக்கும். மேகசினைப் பார்த்தால் தெரிந்துவிடும். .303க்கு அடிப்பக்கம் சாய்வு, 2ஏ1க்குச் சதுரம். 7.62 தோட்டாவுக்குத் துருத்திய விளிம்பும் கிடையாது. ஒன்றின் தோட்டாவை மற்றதில் திணிப்பது தற்கொலைக்குச் சமம்.

உரிமம் பெற்றவர்கள் வைத்திருக்கும் .315 துப்பாக்கியும் இப்படித்தான். எண் கிட்டத்தில் இருக்கிறது. தோட்டா முற்றிலும் வேறு. குழாயில் பொறித்த எழுத்தும் தோட்டாப் பெட்டியின் எழுத்தும் ஒத்திருக்கின்றனவா என்று ஒரு முறைக்கு இரு முறை பார்ப்பது நல்லது.

காவலர் செய்யக்கூடியது

துப்பாக்கியை ஏந்துபவர் தாமே செய்யக்கூடிய வேலை அதிகம் இல்லை. ஆனால் அந்தக் கொஞ்சம்தான் முக்கியம். புல்-த்ரூ கயிற்றில் சிந்தித் துணியை மாட்டிக் குழாயை இழுப்பதோடு நிறுத்திவிடாமல், அறையையும் துடைத்து உலர வைக்க வேண்டும். அறையில் எண்ணெய் தங்கினால் கூடு சுவரைப் பற்றாமல் வழுக்கி, முழு வேகமும் போல்ட்டின் மேல் விழும்.

குதிரையை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால் உடனே போல்ட்டைத் திறக்கக் கூடாது. குழாயை ஆளில்லாத திசையில் பிடித்து 30 விநாடி பொறுக்க வேண்டும். தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு. சிக்கிய போல்ட்டைச் சுத்தியலால் தட்டுவதும், உப்புத்தாளால் அறையைத் தேய்ப்பதும் கூடவே கூடாது. அது ஆர்மரரின் வேலை.

2008 நவம்பர் 26 இரவை பம்பாய்த் தமிழர்கள் மறக்க மாட்டார்கள். சி.எஸ்.டி. நிலையத்தில் 58 உயிர்கள் போயின. ஏ.கே. ரகத் துப்பாக்கிகளோடு வந்த இருவரை எதிர்க்க அங்கே இருந்தவை தடிகளும் சில .303 துப்பாக்கிகளும்தான். அதிலும் ஒரு ரயில்வே காவலர் .303ஐக் கையில் எடுத்து எதிர்த்துச் சுட்டார்.

2020 குடியரசு தினத்தோடு உத்தரப் பிரதேசப் போலீஸ் .303க்கு விடை கொடுத்தது. மற்ற இடங்களிலும் புதிய ரகங்கள் வந்துவிட்டன. ஆனால் எந்த ரகமானாலும் அறையும் தோட்டாவும் பொருந்த வேண்டும் என்ற விதி மாறாது.

வாசலில் நிற்கும் காவலரை நம்பி நாம் தூங்குகிறோம். அவர் நம்பி நிற்பதோ, டிப்போவில் யாரோ ஒருவர் அளவுக் கட்டையை வைத்துப் பார்த்திருப்பார் என்பதை. அந்த யாரோ ஒருவர் தம் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தால் போதும்.