தீவுப் பந்தி – 9: எரிமலைச் சரிவின் சிவப்பு

சென்ற வாரம் சார்டினியாவின் ஆட்டுப்பால் சீஸோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் அதற்குத் தென்கிழக்கே, சிசிலி.

சிசிலி ஒயின் என்றால் வெயில் குடித்துக் கறுத்த, கெட்டியான சிவப்பைத்தான் பலரும் நினைப்பார்கள். தீவின் தென்பகுதியில் விளையும் நேரோ தாவோலா அந்த நினைப்புக்குப் பொருந்தும். கிழக்கே எட்னா எரிமலையில் பிறக்கும் எட்னா ரோஸ்ஸோ பொருந்தாது. கோப்பையில் ஊற்றிப் பார்த்தால் மறுபக்கம் பிடித்திருக்கும் விரல் தெரியும். அவ்வளவு வெளிர் சிவப்பு. சாது என்று நம்பி ஒரு வாய் குடித்தால் முதலில் புளிப்பு, பின்னாலேயே ஈறுவரை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு.

திராட்சையின் பெயர் நெரெல்லோ மஸ்கலேசே. கிழக்கு அடிவாரத்து மஸ்காலி ஊரின் பெயர் அதில் இருக்கிறது. அந்த ஊரை 1928 நவம்பரில் எரிமலைக் குழம்பு மூடிவிட்டது. இன்றைய மஸ்காலி வேறிடத்தில் புதிதாகக் கட்டியது. மரபணுச் சோதனைப்படி இந்தத் திராட்சை டஸ்கனி புகழ் சாஞ்சியோவேசேயின் பிள்ளை. 1968-இல் எழுதிய சட்டம், எட்னா ரோஸ்ஸோவில் குறைந்தது 80 சதவீதம் இதுவே இருக்க வேண்டும் என்கிறது. மீதிக்கு நிறமும் மென்மையும் தருகிற நெரெல்லோ கப்புச்சோவைச் சேர்ப்பார்கள்.

இந்த ஒயினின் ருசிக்கு எரிமலை மண்தான் காரணம் என்று விற்பவர்கள் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கென்னவோ உயரம்தான் பெரிய காரணமாகப் படுகிறது. எட்னா 3,300 மீட்டருக்கு மேல் நிற்கிற மலை; தோட்டங்கள் 1,000 மீட்டர்வரை ஏறியிருக்கின்றன. பகலில் வெயில் காயும், ராத்திரி குளிர் இறங்கும். சிசிலியின் மற்ற இடங்களில் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே பறித்து முடித்துவிடுகிறார்கள். இங்கே அக்டோபர் பாதியாவது ஆக வேண்டும். நிதானமாகப் பழுப்பதால் இனிப்பு ஏறினாலும் புளிப்பு விட்டுப்போவதில்லை.

மண் செய்த உபகாரம் வேறு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபைலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. அமெரிக்கக் கொடியின் வேரில் உள்ளூர்க் கொடியை ஒட்டுக்கட்டித்தான் மற்றவர்கள் தப்பினார்கள். எட்னாவின் கறுப்பு மணலில் அந்தப் பூச்சியால் பரவ முடியவில்லை. அதனால் சொந்த வேரிலேயே நிற்கும் நூறு வயது தாண்டிய கொடிகள் அங்கே இன்னும் காய்க்கின்றன. பந்தல் கிடையாது, கொடிக்கொரு செஸ்ட்நட் கம்பை ஊன்றிக் குட்டை மரம்போல வளர்க்கிறார்கள். சாந்தில்லாமல் அடுக்கிய எரிமலைக் கல் சுவர்களுக்கு நடுவே படிப்படியாக இறங்கும் நிலம். டிராக்டர் நுழைய வழியில்லாத இடங்களில் மண்வெட்டிதான்.

கொடி தப்பித்தது, ஒயின் பிழிந்த இடம் தப்பவில்லை. பால்மெந்தோ என்று பெயர். எட்னாவின் பழைய தோட்டங்களில் இந்தக் கல் கட்டடம் சாதாரணமாகக் கண்ணில் படும். மேலே ஜன்னல் வழியாகக் கூடையைக் கவிழ்ப்பார்கள். கல் தொட்டியில் ஆட்கள் காலால் மிதிப்பார்கள். சாறு தானாகக் கீழ்த் தொட்டிக்கு வழிந்து நுரைத்துப் புளிக்கும். அங்கிருந்து இன்னும் கீழே, மரப் பீப்பாய்க்கு. மிஞ்சிய சக்கையை நெடிய மர உத்தரத்தில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு நசுக்குவார்கள். 1990-களில் ஐரோப்பியச் சுகாதார விதிகள் இதில் ஒயின் செய்து விற்பதைத் தடுத்தன. எவர்சில்வர் தொட்டி சுத்தமானது, மறுக்கவில்லை. ஆனால் பம்ப் இல்லாமல் சாற்றைத் தானாக இறங்கவிடுவதற்காகப் பணக்கார ஒயின் ஆலைகள் இன்று கட்டடக் கலைஞர்களைக் கூப்பிட்டுச் செலவழிக்கின்றன, விளம்பரத்திலும் போட்டுக்கொள்கின்றன. குடியானவன் கட்டினால் அழுக்கு, கலைஞன் கட்டினால் நுட்பம் போலிருக்கிறது.

1988-இல் கத்தானியாவைச் சேர்ந்த ஜுசெப்பே பெனாந்தி இங்கே ஒயின் தொழிலில் இறங்கினார். 2000-ஐ ஒட்டி வெளியூர்க்காரர்களும் வந்தார்கள். கைவிட்ட நிலத்துக்கு மறுபடி கிராக்கி வந்தது.

சாப்பாட்டுக்கு வருவோம். துவர்ப்பு எச்சிலின் புரதத்தைப் பிடித்து நாக்கை வறளவைக்கும். கொழுப்பும் புரதமும் உள்ள கறி அதைத் தணிக்கும். வடசரிவில் லிங்குவாகுளோஸா என்ற ஊரில் பன்றிக்கறியை மரக்கட்டைமேல் கத்தியால் கொத்தி, காட்டுச் சோம்பு சேர்த்து சாஸேஜ் செய்கிறார்கள். கரியில் சுட்ட அந்த சாஸேஜுக்கு இதைவிடப் பொருத்தமான ஒயின் எனக்குத் தெரியாது. சைவத்தில் கத்தானியாவின் பாஸ்தா அல்லா நோர்மா: பொரித்த கத்தரிக்காய், தக்காளி, பேசில் இலை, மேலே துருவிய உப்பு ரிக்கோட்டா. தக்காளியின் புளிப்புக்கு முன்னால் பல சிவப்பு ஒயின்கள் சப்பென்று ஆகிவிடும், எட்னா ஈடுகொடுக்கும். சுட்ட சூரை மீனோடும் தைரியமாகக் குடிக்கலாம். மிளகாய்க் காரம் மட்டும் வேண்டாம், எரிச்சலும் துவர்ப்பும் ஒன்றையொன்று கிளப்பிவிடும். அறை வெப்பத்தில் பரிமாறச் சொல்வது ஐரோப்பியக் கல்வீட்டுக் கணக்கு. 16 டிகிரிக்குக் குளிர வைத்தால் சரியாக இருக்கும்.

அடுத்த வாரம் பந்தெல்லேரியா தீவு: உப்பில் ஊறும் கேப்பர் மொட்டும், வெயிலில் உலர்த்திய திராட்சையின் இனிப்பு ஒயினும்.

(தொடரும்)