சொல்லில்லா வரைகதையும் எச்சமும்

கட்டம் கட்டமாக ஓவியங்களை அடுக்கி ஒரு நெடுங்கதையை நடத்திச் செல்லும் நூலைக் கிராஃபிக் நாவல் என்பர். அதனை ஈண்டு வரைகதை எனக் குறிப்போம். படக்கதை தமிழர்க்குப் புதிதன்று. சிவகாசியில் 1972இல் தோன்றிய முத்து காமிக்சையும் 1984இல் தோன்றிய லயன் காமிக்சையும் படித்து வளர்ந்தோர் பலர். எனினும், இவ்வகை நூல் இலக்கிய ஆராய்ச்சிக்கு உரியதாகுமோ என்னும் ஐயம் இன்னும் நீங்கிற்றில்லை. சொல்லே இல்லாத வரைகதையை நோக்குங்கால் அவ்வையம் மேலும் வலுக்கின்றது.

இதற்குத் தக்க சான்று, அப்புப்பென் என்னும் புனைபெயர் கொண்ட ஜார்ஜ் மாத்தனின் நூல்கள். இவர் ஓவியர், லவுஞ்ச் பிரானா என்னும் பெங்களூரு இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்தவருமாவார். இவர்தம் முதல் நூலாகிய 'மூன்வார்ட்' 2009இல் சென்னையிலுள்ள பிளாஃப்ட் பதிப்பகத்தின் வழி வெளிவந்தது. ஹாலாஹலா என்னும் கற்பனை உலகமே அதன் களம். 2013இல் வெளிவந்த 'லெஜண்ட்ஸ் ஆஃப் ஹாலாஹலா' அவ்வுலகிற் பிறந்த ஐந்து காதற் கதைகளைச் சொல்லின்றியே உரைக்கின்றது. அவ்வுலகின் பெயர் நமக்கு அயலானதன்று. பாற்கடல் கடைந்த ஞான்று எழுந்த ஆலகாலமே அது.

சொல்லின்றிப் பொருள் உணர்த்தல் நம் நாட்டிற் பழமையான நெறி. பாகூர் மூலநாதர் கோயில், வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயில் முதலிய சிவன் கோயில்களுக்குச் செல்வோர் தென்முகக் கடவுளின் திருவுருவை அறிவர். முனிவர் நால்வர்க்கு மோனத்தால் உண்மை உணர்த்திய வரலாற்றை அவ்வொரு சிற்பமே சொல்லிவிடுகின்றது. அஃது எவ்வாறு இயல்கின்றது? காண்போர் அக்கதையை முன்னரே அறிந்திருத்தலால் என்க. சிற்பி விட்டதைப் புராண அறிவு நிரப்புகின்றது.

தொல்காப்பியர் செய்யுளுறுப்புக்கள் முப்பத்து நான்கனுள் எச்சத்தையும் ஒன்றாக வைத்தார். கூற்றில் எஞ்சி நின்றது சொல்லாலும் குறிப்பாலும் முடிவு பெறும் என்பது அதன் இலக்கணம். குறிப்பால் முடிவதற்கும் ஒரு நிலைக்களம் வேண்டும். அகப்பாட்டில் அது திணை மரபு. நெய்தல் நிலத்து எற்பாட்டுப் பொழுதைக் கண்ட அளவிலேயே இரங்கலை எதிர்நோக்குவான் கற்றோன்.

ஹாலாஹலாவிலோ புராண அறிவும் இல்லை. திணை மரபும் இல்லை. அதன் பெயர் ஒன்றே நாம் முன்னறிந்தது. அவ்வுலகின் உயிர்களும் ஒழுக்கமும் ஆசிரியர் படைத்தவை. ஆகவே, இத்தகைய வரைகதை இரு வினைகளை ஆற்றவேண்டியுள்ளது. முதற்கண் தன் மரபைப் படிப்பவர்க்குத் தானே கற்பித்தல் வேண்டும். பின்னர் அம்மரபை நம்பிச் சிலவற்றை வரையாது விடுதல் வேண்டும். ஒரு கட்டத்திற்கும் அடுத்த கட்டத்திற்கும் இடையேயுள்ள வெள்ளிடமே இங்கு எச்சம். அவ்விடத்தில் காலம் கழிகின்றது, வினை நிகழ்கின்றது, அதனைப் படிப்பவன் உள்ளமே முடிக்கின்றது. கற்பியாது விட்டால் கதை மயக்கமாகும். கற்பித்த பின்னும் விடாது வரைந்தால் மிகையாகும். இவ்வகை நூலின் தரத்தை அளத்தற்கு இதுவே அளவுகோல் என்பது நம் கருத்து.

இதனால் வரைகதை செய்யுளோடு ஒத்ததாகிவிடாது. சொல்லால் முடியும் எச்சம் அதற்கில்லை, ஓசையின்பமும் இல்லை. ஆயினும், சொல்லாததைக் கொண்டு சொல்லும் திறத்தை ஆராயும் கருவி தமிழிலக்கணத்தில் உள்ளது. அதனைப் பயன்படுத்தாது, பிறமொழிக் கொள்கைகளையே இதற்கு எதிர்நோக்கி நிற்றல் நம் குறையாகும்.

பயன் ஒன்றும் உண்டு. இந்நூல்களின் பெயர் ஆங்கிலமாயினும், சொல்லில்லாக் கதைகளுக்கு மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை. ஆங்கிலம் அறியாத வில்லியனூர் மாணவனும் பாகூர் மாணவியும் அவற்றை நேரே படிக்கலாம். இருவரும் வெள்ளிடங்களை எவ்வாறு நிரப்பினர் என்று கேட்டு எழுதி ஒப்பிடுதல் முதுகலை மாணவர்க்கு நல்லதோர் ஆய்வாகும்.