நெஞ்செரிச்சலா? வயிற்றில் கொஞ்சம் இடம் விடுங்க!

செஞ்சிக் கோட்டை பார்க்கக் குடும்பத்தோடு கிளம்புகிறீர்களா? பூரி, வடை, காபின்னு ஒரு பிடி பிடித்துவிட்டு, சுமார் 800 அடி உயர ராஜகிரியில் ஏறினால் பாதி வழியிலேயே சிலருக்கு நெஞ்சு 'திகுதிகு'ன்னு எரியும்.

உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் கதவு மாதிரி ஒரு தசை வளையம் இருக்கிறது. வயிறு முட்டச் சாப்பிட்டாலோ, எண்ணெய்ப் பலகாரம் அதிகமானாலோ அது தளர்ந்து, அமிலம் மேலே வந்துவிடும்.

அதனால், ஏறுவதற்கு 2 மணி நேரம் முன்பே அளவாக இட்லி சாப்பிடுங்க. வீட்டிலும் ராத்திரி படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடிச்சிடுங்க. இடது பக்கமாகப் படுப்பது நல்லது.

ஒரு எச்சரிக்கை! நெஞ்சை அழுத்தி, வலி கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினால் 'வெறும் வாயு'ன்னு சோடா குடித்துச் சமாளிக்காதீங்க. மாரடைப்பாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.