கையொப்பமிட்ட பின் மறுக்கப்படும் வீடு: சட்டம் தரும் வழிகள்

பட்டுக்கோட்டை போன்ற டெல்டா நகரங்களில் பட்டியலினத்தவருக்கு வீடு மறுக்கப்படுவது பெரும்பாலும் முதல் பேச்சிலேயே நிகழ்ந்துவிடுகிறது. 'எந்த ஊர், எந்தத் தெரு?' என்ற கேள்வியே அதற்குப் போதுமானது. அதையும் கடந்து, முன்பணம் கொடுத்து, முத்திரைத்தாளில் இருவரும் கையொப்பமிட்ட பின் உரிமையாளர் பின்வாங்குவதும் உண்டு. ஒப்பந்தத்திற்காக வாங்கிய ஆதார் நகலின் முகவரியே சாதியைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அதன் பிறகு 'உறவினர் குடிவருகிறார்' என்ற காரணம் சொல்லப்படுகிறது. 'காலனி' என்ற சொல் தீண்டாமையின் குறியீடாகிவிட்டதால் அது அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆனால் சொல் நீங்கினாலும் தெரு நீங்குவதில்லை.

இத்தகைய மறுப்பில் இரண்டு தவறுகள் அடங்கியுள்ளன என்பதை நாம் பிரித்தறிய வேண்டும்.

முதலாவது, ஒப்பந்த மீறல். வாடகைதாரர் கோரினால் வீட்டை அவர் வசம் ஒப்படைப்பது உரிமையாளரின் கடமை என்கிறது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு. ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரி உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம். எனினும் 11 மாத ஒப்பந்தம் தீர்ப்புக்கு முன்பே காலாவதியாகிவிடக்கூடும். ஆகவே முன்பணத்துடன், வண்டி வாடகை, தரகுத் தொகை, இடைக்காலத் தங்கும் செலவு ஆகியவற்றை ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவின்கீழ் இழப்பீடாகக் கோருவதே நடைமுறைக்கு உகந்த வழி. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், நகர்ப்புற வாடகை ஒப்பந்தங்கள் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. பதிவில்லாத ஒப்பந்தம் வழக்கில் வலுவிழந்துவிடும். எனவே கையொப்பமிட்டவுடன் பதிவை வலியுறுத்த வேண்டும்.

இரண்டாவது, சாதியே காரணமெனில் அது வன்கொடுமை. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியலினத்தவர் மீதான பொருளாதாரப் புறக்கணிப்பைக் குற்றமாக்கியுள்ளது. 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. வழக்கமான வணிக நிபந்தனைகளின்படி செய்யக்கூடியதைச் செய்ய மறுப்பதும் புறக்கணிப்பே என்கிறது அச்சட்டத்தின் வரையறை. பாப்பாநாட்டை அடுத்த கிளாமங்கலத்தில், பட்டியலின மக்களுக்குப் பொருள் விற்க மறுத்த கடைக்காரர் 2022 இறுதியில் இச்சட்டத்தின்கீழ்க் கைதானார். அங்கே அவர் மறுத்ததைப் பதிவு செய்த காணொளி சான்றாக நின்றது. வீட்டு உரிமையாளரோ மூடிய கதவுக்குப் பின்னால் பேசுகிறார். அதனால்தான் சான்று சேர்ப்பதே இவ்வழக்குகளின் உயிர்.

ஆகவே மறுப்பு வந்த அன்றே சிலவற்றைச் செய்ய வேண்டும். காரணத்தை வாட்ஸ்அப்பிலேனும் எழுத்தில் கேட்க வேண்டும். பணம் செலுத்திய பதிவையும் அழைப்புப் பதிவையும் தரகரின் கூற்றையும் பாதுகாக்க வேண்டும். அதே வீடு பிறகு யாருக்கு, எந்த வாடகைக்கு விடப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். 'உறவினர்' வராமல் வேறொருவர் குடியேறினால், அதுவே வலுவான சூழ்நிலைச் சான்று.

வழக்கறிஞர் கட்டணம் தடையாக வேண்டியதில்லை. பட்டியலினத்தவர் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறலாம் என்கிறது 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். இதற்கு வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். காவல் நிலையம் புகாரை ஏற்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு விரைவு அஞ்சலில் அனுப்ப வேண்டும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. முன்பணத்தைத் திருப்பித் தரும்போது 'இனி எவ்விதக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதி வாங்குவது உரிமையாளர்களின் வழக்கம். பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம்; அந்த வரியின் கீழ் கையொப்பமிடக் கூடாது. 'முன்பணம் மட்டும் பெற்றுக்கொண்டேன், இழப்பீட்டு உரிமையைக் கைவிடவில்லை' என்று நாமே எழுதிக் கொடுக்க வேண்டும்.