நூல்நிலைய வாயிலில் ஒரு சிற்பம்

நம் பேட்டை நூல்நிலையத்தின் முன்னே சிறிது வெற்றிடம் இருக்கிறது; அங்கே ஒரு சிற்பம் அமைக்க ஊரார் விரும்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். யாருடைய உருவத்தை வைப்பது? பெரியார் ஒருவரின் மார்பளவுச் சிலையை உயர்ந்த பீடத்தில் நிறுத்தலாம் என்பதே வழக்கமான விடை. அதில் தவறில்லை. ஆயினும் வேறொரு வழியும் உண்டு. அதனை அறிய நாம் வங்காளத்துச் சாந்திநிகேதனத்தை நோக்க வேண்டும்.

அங்கே 1938ஆம் ஆண்டில் ராம்கிங்கர் பைஜ் என்னும் சிற்பி 'சந்தால் குடும்பம்' என்ற சிற்பத்தைப் படைத்தார். தோளிலே காவடி சுமந்து நடக்கும் ஆடவன்; காவடிக் கூடையிலே குழந்தை; பக்கத்தில் மனைவி; கூடவே ஒரு நாய். அரசரும் இல்லை, தெய்வமும் இல்லை. அச்சுற்றுப்புறத்தில் உழைத்து வாழ்ந்த சந்தால் மக்களே சிற்பத்தின் பொருளாயினர்.

பொருளைப் போலவே மூலப்பொருளும் அவ்வூருக்கு உரியது. வெண்கலமும் பளிங்கும் பெருஞ்செலவு பிடிப்பவை. ராம்கிங்கரோ இரும்புச் சட்டத்தின்மீது சிமெண்டையும் செம்பூரான் சரளையையும் கலந்து அப்பி உருவம் சமைத்தார். அம்மண்ணின் சொரசொரப்பு இன்றும் அதன் மேனியில் தெரிகிறது. பீடமும் தாழ்வானதே, ஆகவே, காண்போர் அண்ணாந்து நோக்காமல் அதனைச் சுற்றி நடந்தே பார்க்கலாம்.

ராம்கிங்கர் தம் கண்ணையே நம்பினார். நூல்நிலையமோ பொதுச்சொத்து, எனவே நாம் பேட்டையாரைக் கேட்டே தொடங்குதல் முறை. முதலில் களிமண்ணால் சிறு மாதிரி ஒன்று செய்து, மாலை வேளையில் எல்லோர் பார்வைக்கும் வைக்கலாம். "இதில் யார் விடுபட்டார்கள்?" என்று கேட்டால், சலவைத் தொழிலாளியும் பூ விற்பவளும் சொல்லும் விடை சிற்பியின் கையைத் திருத்தும்.

பராமரிப்பையும் முன்கூட்டியே வகுத்துக்கொள்ள வேண்டும். சிமெண்டில் விரிசல் கண்டு நீர் உட்புகுந்தால் உள்ளிருக்கும் இரும்பு துருப்பிடிக்கும். துரு பருத்து மேற்பூச்சைப் பெயர்க்கும். ஆதலால் மழைநீர் தேங்காத சரிவு அவசியம். ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன் விரிசல்களை அடைப்பது யார் பொறுப்பு என்பதும் முடிவாக வேண்டும்.

இவ்வளவு முயற்சி எதற்கு? 1951ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உதவியுடன் டில்லிப் பொது நூல்நிலையம் தொடங்கப்பெற்றபோது, புதிதாக எழுத்துக் கற்றோரையும் அது தன் வாசகராகக் கொண்டது. அத்தகையோரில் பலர் இன்றும் நூல்நிலைய வாயிலில் தயங்கி நிற்பதை நாம் காண்கிறோம். கதவு திறந்திருந்தாலும் அது தமக்கன்று என எண்ணுகின்றனர். தம்மைப் போன்ற ஓர் உருவம், தம் உயரத்திலேயே, வாயிலில் நிற்பதைக் கண்டால் அத்தயக்கம் சிறிதேனும் குறையும். உள்ளே நுழைந்தவரின் கையில் நூலைக் கொடுப்பது பின்னர் எளிது.