ஊசிமேல் ஊசி போட்டால் முட்டி சீக்கிரம் ஆறுமா?

முட்டி வலி என்று டாக்டரிடம் போனால், முன்பெல்லாம் வலி மாத்திரை, முட்டி உறை, பிசியோதெரபி, முடியாத கட்டத்தில் ஆபரேஷன் என்று போகும். இப்போது ஆபரேஷனுக்குச் சற்று முன்னால் புதிதாக ஒரு வரிசை நுழைந்திருக்கிறது. பிஆர்பி (தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மா) ஊசி, அதோடு மூட்டுக்குள் வழுவழுப்புக்குப் போடும் ஜெல் ஊசி, இடையில் ஷாக்வேவ் எனும் ஒலியலைச் சிகிச்சை, செலவழிக்க முடிந்தால் ஸ்டெம் செல். எல்லாவற்றையும் சேர்த்து ‘பேக்கேஜ்’ என்று ஒரு தொகை சொல்கிறார்கள். தோள்பட்டை கிழிசலுக்கும் குதிகால் வலிக்கும் டென்னிஸ் எல்போவுக்கும்கூட இதே பாணிதான். ஒன்று செய்யாததை நான்கு சேர்ந்து செய்துவிடும் என்பது இதன் கணக்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆய்வுகளில் அது தேறுகிறதா?

தசை கிழிந்தால் பெரும்பாலும் சில வாரங்களில் கூடிவிடுகிறது. காரணம், அதற்குள் ஓடும் ரத்தம். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணுக்கு ரத்தக் குழாய்கள் குறைவு. அதனால் மாதக்கணக்கில் இழுக்கும். மூட்டுக் குருத்தெலும்பில் ரத்தக் குழாயே கிடையாது. தேய்ந்தது தானாக வளர்ந்து வராததற்கு அது முக்கியக் காரணம். ரத்தம் போகாத இடத்துக்கு, ரத்தத்தில் இருக்கும் ஆற்றும் பொருள்களை நாமே கொண்டுபோய்ச் சேர்த்தால் என்ன? பிஆர்பி பிறந்தது இந்தக் கேள்வியில்தான்.

செய்முறை எளிது. கையிலிருந்து ரத்தம் எடுத்து, உறையாமல் இருக்க சிட்ரேட் கலந்து, குழாயை இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றுவார்கள். நின்றதும் பார்த்தால் அடியில் அடர் சிவப்பு, மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா, இரண்டுக்கும் நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு. அந்தக் கோட்டையொட்டித்தான் தட்டணுக்கள் கூடி நிற்கும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சாதாரணமாக 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருக்கும் தட்டணுக்களை இப்படிப் பல மடங்காக்கி, அல்ட்ராசவுண்ட் திரையில் ஊசி முனையைப் பார்த்துக்கொண்டே புண்பட்ட இடத்தில் செலுத்துவார்கள். தட்டணுக்கள் உடைந்து வளர்ச்சிக் காரணிகளைக் கொட்டும். ஓரிரு நாள் வலி கூடும். அதற்காக ஐபுப்ரோஃபன், டைக்லோஃபெனக் போன்றவற்றைப் போடக் கூடாது என்று சொல்லி அனுப்புவார்கள்.

1990-களில் தாடை அறுவைச் சிகிச்சை செய்தவர்கள் கையில் புழங்கிய இந்த முறை, 2009-ல் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஹைன்ஸ் வார்ட் முட்டிக் காயத்துக்கு இதை எடுத்துக்கொண்டு சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில் ஆடியதும் ஊரறிந்ததாகிவிட்டது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2010-ல் தசைக்குள் பிஆர்பி போடுவதைத் தடை செய்தது; 2011-ல் பட்டியலிலிருந்து நீக்கியது. வீரரின் திறனை அது கூட்டுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்பதுதான் காரணம்.

முதலில் பிஆர்பியைத் தனியாகப் பார்ப்போம். சண்டிகர் பிஜிஐ மருத்துவமனையில் முட்டித் தேய்மானம் உள்ள 78 பேரிடம் நடந்த ஆய்வு 2013-ல் வெளியானது. மருந்தே இல்லாத உப்புநீர் ஊசியைவிட பிஆர்பி வலியை நன்றாகவே குறைத்தது. ஆனால் 6 மாதத்தில் பலன் இறங்கத் தொடங்கியது. பேக்கேஜ் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு: ஓர் ஊசி போட்டவர்களுக்கும் இரண்டு போட்டவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. பிறகு 2021-ல் ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் பெரிய ஆய்வு. ஒரு வருடம் கழித்து வலியிலும் சரி, குருத்தெலும்பின் அளவிலும் சரி, பிஆர்பி உப்புநீரை வெல்லவில்லை. நெதர்லாந்தில் பின்தொடைத் தசை கிழிந்த 80 விளையாட்டு வீரர்களுக்கும், பிரிட்டனில் பொய் ஊசியோடு ஒப்பிட்டுச் சோதித்த, குதிகால் தசைநாண் வலியுள்ள 240 பேருக்கும் இதே கதைதான். உப்புநீர் போட்டவர்களுக்கும் வலி குறைகிறது என்பதை மறக்க வேண்டாம். ‘எனக்குக் கேட்டுதே’ என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது பொய்யல்ல. ஆனால் அது சாட்சியும் அல்ல.

சரி, ஒன்றோடு ஒன்றைச் சேர்த்தால்? அமெரிக்காவின் மாயோ கிளினிக் இதைச் சாமர்த்தியமாகச் சோதித்தது. இரண்டு முட்டியிலும் தேய்மானம் உள்ள 25 பேர். ஒரு முட்டியில் இடுப்பெலும்பு மஜ்ஜையின் செறிவைப் பிளாஸ்மாவோடு கலந்து ஊசி. மறு முட்டியில் வெறும் உப்புநீர். ஆள் ஒருவரே, மருந்து மட்டும் வேறு. 6 மாதம் கழித்து இரண்டு முட்டியும் ஒரே அளவு தேறியிருந்தன. மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடித் திசு என மூன்று வகை செல் ஊசிகளை ஏறத்தாழ 480 பேரிடம் சோதித்த இன்னொரு அமெரிக்க ஆய்வு 2023-ல் வந்தது. ஒரு வருட முடிவில் மூன்றில் எதுவும் சாதாரண ஸ்டீராய்டு ஊசியைவிட மேலாக இல்லை. பிஆர்பியோடு ஜெல் சேர்ப்பது ஜெல் மட்டும் போடுவதைவிட நல்லது என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன. அதில் ஜெல்லின் பங்கு என்ன என்ற வாதம் ஓயவில்லை.

சேர்த்தாலும் கேடு தீராத இடமும் உண்டு. டென்னிஸ் எல்போ வந்த 165 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வில், ஸ்டீராய்டு போட்டவர்களுக்கு முதல் மாதம் சுகம். ஒரு வருடத்துக்குள் 54 சதவீதம் பேருக்கு வலி திரும்பிவிட்டது. பொய் ஊசி போட்டவர்களில் இது 12 சதவீதம்தான். கூடவே பிசியோதெரபி கொடுத்தும் ஸ்டீராய்டு செய்த கேட்டைச் சரிக்கட்ட முடியவில்லை.

தேறிய கூட்டணி எது என்றால், விளம்பரமே இல்லாதது. அமெரிக்காவில் பருத்த உடலும் முட்டித் தேய்மானமும் உள்ள 454 பேரிடம் 18 மாதம் நடந்த ஆய்வு 2013-ல் வந்தது. உணவுக் கட்டுப்பாடு மட்டும், உடற்பயிற்சி மட்டும், இரண்டும் சேர்த்து என மூன்று பிரிவு. இரண்டும் சேர்ந்த பிரிவில்தான் வலி மிகவும் குறைந்தது. ஒரு கிலோ இறங்கினால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முட்டிமேல் விழும் சுமை 4 கிலோ குறைகிறது என்று அதற்கு முன்பே கணக்கிட்டிருந்தார்கள். குதிகால் தசைநாணுக்கு ஸ்வீடனின் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் 1998-ல் சொன்ன பயிற்சிக்கு ஒரு படிக்கட்டு போதும். படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மெல்ல கீழே இறக்க வேண்டும். 15 தடவை, 3 சுற்று. முட்டியை நீட்டி ஒருமுறை, மடக்கி ஒருமுறை. காலை, மாலை, 12 வாரம். அவரிடம் வந்த 15 பேரும் மறுபடி ஓடினார்கள். தசைநாணுக்குச் சுமைதான் கட்டளை. அளவாக இழுக்கப்படும்போதுதான் அதன் கொலாஜன் இழைகள் நேராக அடுக்கிக்கொள்கின்றன. ஊசி மட்டும் போட்டுக்கொண்டு படுத்திருந்தால் அந்தக் கட்டளை போகாது.

அதனால் ஊசியே வேண்டாம் என்பதில்லை. ஒழுங்காக மூன்று மாதம் பயிற்சி செய்தும் வலி விடவில்லை, தேய்மானம் ஆரம்ப நிலையில் இருக்கிறது என்றால், பயிற்சியைத் தொடர ஒரு துணையாக பிஆர்பியைப் பற்றி டாக்டரிடம் பேசலாம். ஸ்டெம் செல் விஷயத்தில் இவ்வளவு தாராளம் கூடாது. 2018-ல் அமெரிக்காவில் தொப்புள்கொடி ரத்தப் பொருளை ஊசியாகப் போட்டுக்கொண்ட 12 பேர் கிருமித் தொற்றோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 வழிகாட்டுதலில், ரத்த நோய்களுக்கான மாற்று சிகிச்சை தவிர மற்றதெல்லாம் ஆராய்ச்சிக் கட்டத்தில் உள்ளதாகவே கருதப்படுகிறது. பிறகு பெங்களூரு ஸ்டெம்பியூட்டிக்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பு 2022-ல் முட்டித் தேய்மானத்துக்கு அனுமதி பெற்றது. ஒரு தயாரிப்புக்குக் கிடைத்த அனுமதி, கிளினிக்கிலேயே பிரித்தெடுத்துப் போடும் எல்லா ஊசிக்கும் பொருந்தாது.

முன்பணம் கட்டுவதற்கு முன், பேக்கேஜில் உள்ள ஒவ்வொன்றும் தனித்தனியாக எதற்கு என்று கேளுங்கள். ஸ்டெம் செல் என்றால் அனுமதிக் கடிதத்தையோ ஆய்வுப் பதிவு எண்ணையோ காட்டச் சொல்லுங்கள். ஊசிக்குப் பிறகு எத்தனை வாரம், என்ன பயிற்சி, யார் சொல்லித் தருவார் என்பது அந்தத் தாளில் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். பிசியோதெரபி பற்றி ஒரு வரிகூட இல்லாத பேக்கேஜ் என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.