படத்தைச் சுருக்கப் போறீங்களா?

கணினியில் ஏதாவது விண்ணப்பம் போடும்போது, 'புகைப்படம் 50 கே.பி.க்குள் இருக்க வேண்டும்' என்று கேட்டுப் பார்த்திருப்பீர்கள். செல்போனில் எடுத்த படமோ, 4 எம்.பி. இருக்கும். கிட்டத்தட்ட 80 மடங்கு!

டிஜிட்டல் படம் என்பது, கோலப்புள்ளி போல வரிசை வரிசையாக வைத்த புள்ளிகள் தான். அதற்கு, 'பிக்சல்' என்று பெயர். அகலத்தில் 4,000, உயரத்தில் 3,000 என்றால், பெருக்கிப் பாருங்கள்... ஒரு கோடியே 20 லட்சம் புள்ளிகள்! அதையே, 400க்கு 300 ஆகச் சுருக்கினால், ஒரு லட்சத்து 20 ஆயிரம் தான். நூற்றில் ஒரு பங்கு.

இதற்கு, 'போட்டோஷாப்' போன்ற பெரிய மென்பொருள் எல்லாம் வேண்டாம். வெண்டைக்காய் நறுக்க அரிவாள்மனை போதுமே. மரம் அறுக்கும் ரம்பம் எதற்கு? விண்டோசில் உள்ள, 'பெயின்ட்' கூட இதைச் செய்யும்.

நான் பயன்படுத்துவது, 'இர்பான்வியூ!' போஸ்னியாவில் பிறந்து, வியன்னாவில் படித்த இர்பான் ஷ்கில்யான் என்பவர் உருவாக்கி, 1996ல் வெளியிட்டது. வீட்டுக்கும், பள்ளிக்கும் இலவசம். இதன் சின்னம், நசுங்கிப் போன ஒரு சிவப்புப் பூனை. (ஏன் அப்படி வரைந்தாரோ, பாவம் பூனை!) அப்பா, அம்மாவைப் பக்கத்தில் வைத்து, அதன் சொந்த இணையதளத்தில் இருந்து மட்டும் இறக்கிக் கொள்ளுங்கள்.

படத்தைத் திறந்து, ஸ்பேஸ் பாரைத் தட்டினால் அடுத்த படம் வரும். கன்ட்ரோலுடன் 'ஆர்' அழுத்தினால், அளவு கேட்கும் கட்டம் வரும். அகலத்தை மட்டும் மாற்றுங்கள். உயரம் தானாக மாறும். விகிதம் காக்கும் இடத்தில், 'டிக்' இருக்கிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள். இல்லாவிட்டால், உங்கள் முகம் தோசை மாதிரி அகலமாகி விடும்.

அடுத்தது தான் முக்கியம். சேமிக்கும்போது, 'சேவ் அஸ்' கொடுத்து, வேறு பெயர் வையுங்கள். 'குமார்' என்ற படம் இருந்தால், 'குமார் சிறியது' என்று வைக்கலாம்.

இதை நான் செய்யவில்லை. பணி ஓய்வு நாளில், என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுடன் எடுத்த படம் ஒன்று இருந்தது. மின்னஞ்சலில் அனுப்ப, 400க்கு 300 ஆகச் சுருக்கி, அதே பெயரில் சேமித்து விட்டேன். இன்னொரு பிரதி எங்கும் இல்லை.

மறுபடி பெரிதாக்கினால் என்ன என்று கேட்பீர்கள். நூறு புள்ளிகளை ஒரு புள்ளியாக்கிய பின், பழைய நூறும் எப்படித் திரும்பி வரும்? அரைத்த மாவை அரிசியாக்க முடியுமா? பெரிதாக்கிப் பார்த்தேன், எல்லா முகமும் கலங்கிப் போயின.

புகைப்படத் தெளிவுக்கு, ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். என் படத்தில் இருப்பதோ, 400 தான். சட்டம் போட்டு மாட்ட ஆசைப்பட்ட படம், அஞ்சல் தலை அளவில் தான் தெளிவாக வந்தது. என் டைரிக்குள் ஒட்டி வைத்திருக்கிறேன். கண்ணாடி போட்டுப் பார்த்தால், முன் வரிசையில் பல் விழுந்த வாயோடு சிரிக்கும் பையன் மட்டும், இன்னும் தெரிகிறான்.